மல்டிகாஸ்ட்டுக்குத் தனி மாற்று ஏற்பாடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும், புதுவயல் வட்டார அரிசி ஆலைகள் சிலவற்றிலும் கண்காணிப்புக் கேமராக்களும் அறிவிப்பு ஒலிபெருக்கிகளும் இப்போது கணினி வலையமைப்பின் வழியாகவே இயங்குகின்றன. இவற்றுக்கு டெண்டர் எழுதுவோர் பெரும்பாலும் ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கட்டும் என்று கோர் சுவிட்ச் (வலையமைப்பின் மையக் கருவி) இரண்டு, ஃபைபர் இணைப்பு இரண்டு என்று நிபந்தனை விதிக்கிறார்கள். நல்ல நிபந்தனைதான். ஆனால் கேமராப் படமும் அறிவிப்புக் குரலும் மல்டிகாஸ்ட் முறையில் செல்லும் இடங்களில் அந்த நிபந்தனை மட்டும் போதாது என்பதை, இத்துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஒரே குரலை நூறு ஒலிபெருக்கிகளுக்கு அனுப்ப வேண்டுமென்றால், அனுப்பும் கருவி ஒரே ஒரு பிரதியை வெளியிட, வழி பிரியும் இடங்களில் மட்டும் ரூட்டர்களும் (வலையமைப்பில் வழி காட்டும் கருவிகள்) சுவிட்சுகளும் அதைப் பெருக்கிக் கொடுப்பதே மல்டிகாஸ்ட். 1989-இல் ஸ்டீவ் டீரிங் எழுதிய ஆர்.எஃப்.சி. 1112 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் இதற்கு அடிப்படை வகுத்தது, 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. சாதாரணப் போக்குவரத்தில், பேக்கெட் (தரவுத் துண்டு) போய்ச் சேர வேண்டிய முகவரிக்கு வழி தெரிந்தால் போதும். மல்டிகாஸ்ட்டிலோ எந்தக் குழுவை (அதாவது, ஒரு மல்டிகாஸ்ட் முகவரியில் செல்லும் ஓட்டத்தை) எந்தப் பக்கத்தில் யார் கேட்கிறார்கள் என்ற பதிவை வழியிலுள்ள ஒவ்வொரு சாதனமும் வைத்திருந்து, அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பதிவு அழிந்தால் கம்பியும் மின்சாரமும் சரியாக இருந்தும் ஓட்டம் நின்றுவிடும்.

நம் பகுதிக் கல்லூரி வளாகம் ஒன்றில் இரண்டு கோர் சுவிட்சுகளில் ஒன்றைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். இணையமும் தொலைபேசியும் தடைபடவே இல்லை. மாற்று ஏற்பாடு வேலை செய்கிறது என்று எல்லாரும் கலைந்து போனார்கள். நாலைந்து நிமிடங்கள் கழித்து அறிவிப்பு ஒலிபெருக்கிகள் ஒன்றுவிடாமல் அடங்கிவிட்டன. காரணம் இதுதான்: "இந்தக் குழுவை இன்னும் கேட்கிறீர்களா?" என்று கேட்பவர்களைக் கணக்கெடுக்கும் ஐ.ஜி.எம்.பி. நெறிமுறைப்படி அவ்வப்போது விசாரிக்கும் பொறுப்பு நிறுத்தப்பட்ட சுவிட்சிடம் மட்டுமே இருந்தது. வழக்கமான அமைப்பில் இந்த விசாரணை 125 நொடிகளுக்கு ஒருமுறை நடக்கும். விசாரணை நின்றுபோய் 260 நொடிகள் வரை பதில் ஏதும் வராவிட்டால், கேட்பவர் யாரும் இல்லை என்று முடிவுசெய்து சுவிட்ச் அந்தப் பதிவை நீக்கிவிடும். பழுது உடனே தெரியாமல் தாமதமாகத் தலைகாட்டியதால், பராமரிப்புப் பணிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஒலிபெருக்கிகளைக் கழற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. வலையமைப்பின் ஒரு பிரிவில் இரண்டு ரூட்டர்கள் இருந்தால், விசாரிக்கும் பொறுப்பு குறைந்த ஐ.பி. முகவரி உள்ள ரூட்டருக்குப் போகும். மேலிருந்து ஓட்டத்தைக் கேட்டுப் பெறும் பொறுப்பை, ரூட்டர்களிடையே மல்டிகாஸ்ட் வழியை அமைக்கும் பிம் நெறிமுறை, முன்னுரிமை எதுவும் குறிக்கப்படாத நிலையில், அதிக முகவரி உள்ள ரூட்டருக்கு அளிக்கும். பிரிவிலிருந்து வெளியே செல்லும் போக்குவரத்துக்கு நுழைவாயிலாக நிற்கும் பொறுப்பை வி.ஆர்.ஆர்.பி. என்னும் இன்னொரு நெறிமுறை தன் கணக்கில் தனியே தீர்மானிக்கும். ஆகவே, எல்லாம் ஒரே ரூட்டரிடம் இருப்பதாக நிர்வாகி நம்பிக்கொண்டிருக்க, பொறுப்புகள் இரண்டுக்கும் சிதறிக் கிடக்கும். பிம் பொறுப்பிலுள்ள ரூட்டர் செயலிழந்ததை மற்றது உணர, இயல்பான அமைப்பில் 105 நொடிகள் வரை ஆகலாம். தீ விபத்து அறிவிப்புக்கு இது மிக நீண்ட நேரம். முன்னுரிமையைக் கையால் குறித்து, பி.எஃப்.டி. போன்ற விரைவுக் கண்காணிப்பையும் சேர்த்தால் இந்த நேரத்தைப் பெருமளவு குறைக்கலாம்.

அனுப்புபவரும் கேட்பவரும் முதலில் சந்திக்கும் இடமாகிய ஆர்.பி. என்னும் ரூட்டர் ஒன்றே ஒன்றாக இருப்பதும் நான் அடிக்கடி காணும் குறை. அது நின்றால், ஆர்.பி. வழியே போகாமல் ஏற்கெனவே நேர்வழிக்கு மாறிவிட்ட ஓட்டங்கள் தொடரும். புதிதாகச் சேர்பவருக்குத்தான் எதுவும் வராது. இதற்குத் தீர்வு 2003-லேயே ஆர்.எஃப்.சி. 3446 ஆவணத்தில் சொல்லப்பட்டுவிட்டது. இரண்டு ரூட்டர்களுக்கும் ஒரே ஆர்.பி. முகவரியைக் கொடுத்து, அனுப்புபவர் விவரங்களை எம்.எஸ்.டி.பி. என்னும் நெறிமுறை மூலம் அவை பகிர்ந்துகொள்ளச் செய்ய வேண்டும். அந்தப் பொது முகவரியை சாதாரணப் போக்குவரத்துக்கு வழி கணக்கிடும் ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறை ரூட்டரின் அடையாள எண்ணாக எடுத்துக்கொள்ள மட்டும் விடக் கூடாது. விட்டால் இரண்டு ரூட்டர்களும் ஒரே அடையாளத்துடன் நின்று வழித்தடப் பட்டியலையே குழப்பிவிடும்.

கேமரா போல அனுப்பும் கருவியின் முகவரி முன்கூட்டியே தெரிந்த இடங்களில், 232-இல் தொடங்கும் முகவரிகளில் (232.0.0.0/8) இயங்கும், அனுப்புபவரின் முகவரியையும் சொல்லியே ஓட்டத்தைக் கேட்கும் எஸ்.எஸ்.எம். முறையையே நான் பரிந்துரைப்பேன். அதில் ஆர்.பி. என்ற ஒன்றே கிடையாது. இல்லாத ஒன்று பழுதாவதும் இல்லை. கேட்கும் கருவிகள் ஐ.ஜி.எம்.பி. மூன்றாம் பதிப்பை ஏற்க வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மாற்று இணைப்பில் ஓ.எஸ்.பி.எஃப். இயங்கும், பிம் இயங்காது என்ற நிலையையும் பல இடங்களில் பார்க்கிறேன். முதன்மை இணைப்பு அறுந்ததும் சாதாரணப் போக்குவரத்து மாற்று வழிக்குப் போய்விடும். மல்டிகாஸ்ட் மட்டும் வழியின்றி நின்றுவிடும். ஒரே ஒரு கட்டளை விடுபட்டதால் வரும் வினை இது.

2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தையில் முற்பகல் 11.40 மணிக்கு வர்த்தகம் நின்று, பிற்பகல் 3.45-க்குத்தான் மீண்டும் தொடங்கியது. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து பல இணைப்புகள் பெற்றிருந்தும் இரு நிறுவனங்களின் இணைப்புகளிலும் கோளாறு ஏற்பட்டதாகச் சந்தையே அறிவித்தது. அது மல்டிகாஸ்ட் கோளாறு அன்று. ஆனாலும் எண்ணிக்கையில் இரண்டு என்பது மட்டும் பாதுகாப்பாகிவிடாது என்பதை நாடே அறிந்த நாள் அது. நம் ஊர் ஊரணிக்கு இரண்டு வரத்துக்கால்கள் இருந்தாலும் இரண்டும் ஒரே மடையிலிருந்து பிரிந்தால், மடை அடைபட்ட அன்று இரண்டிலும் நீர் வராது. இங்கேயும் இரண்டு ஃபைபர்களை ஒரே பள்ளத்தில் புதைக்கிறார்கள், இரண்டு கோர் சுவிட்சுகளையும் ஒரே யு.பி.எஸ்.ஸில் மாட்டுகிறார்கள். குழாய்ப் பணிக்காகச் சாலையைத் தோண்டும்போது இரண்டு ஃபைபரும் சேர்ந்தே அறுபடும்.

ஆகவே, டெண்டர் எழுதும் கல்வி நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் இறுதித் தொகையை வழங்கும் முன், மல்டிகாஸ்ட்டுக்கென்று தனிச் சோதனை நடத்தும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டுகிறேன். ஒலிபெருக்கியும் கேமராவும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சுவிட்சையும், ஒவ்வொரு இணைப்பையும், ஆர்.பி. ரூட்டரையும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் புதிதாக ஒரு கருவியை இணைத்து, அதற்கும் ஓட்டம் வருகிறதா என்று பார்த்து, எத்தனை நொடித் தடை ஏற்பட்டது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். இச்சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். கூடுதல் கருவி எதுவும் வாங்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
வலையமைப்புப் பொறியாளர் ஒருவர்,
காரைக்குடி.