முகம் பழகுமுன் போய்விடுகிறார்கள்: சென்னையின் எஃப்.சி. நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து கிளப்பின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும்,

வணக்கம்.

பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் என் பக்கத்து இருக்கையில் உட்காருகிற பெரியவர், ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஆலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பார்வை மங்கிவிட்டது. சட்டையின் முதுகில் இருக்கும் எண் அவருக்குத் தெரியாது. ஆனாலும் எதிர்க் கோட்டோரம் பந்து யார் காலில் இருக்கிறது என்பதை எனக்கு முன்பே சொல்லிவிடுவார். பந்து வந்து சேருவதற்குள் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறவர் அனிருத் தாபா. முதுகைக் காட்டித் தடுப்பாளரைத் தாங்கி நிறுத்துகிறவர் ஜெஜே. நடையை வைத்தும், நிற்கிற சாய்வை வைத்தும் அவர் ஆளைக் கண்டுபிடிப்பார். பேரப்பிள்ளைகளைக் காலடி ஓசையிலேயே தெரிந்துகொள்வதைப் போன்றது அது.

இப்போதெல்லாம் அவர் என்னைக் கேட்கிறார்: "யார் தம்பி அது?" எனக்கும் தெரிவதில்லை. கைப்பேசியை எடுத்து அன்றைய அணிப் பட்டியலைத் தேடிப் பெயரைப் படித்துச் சொல்கிறேன். அவர் அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார். அது நாவில் பழகும் வேளையில் சீசன் முடிந்துவிடுகிறது. அடுத்த சீசனில் அந்த வீரர் இருப்பதில்லை.

இந்த மடல் தோல்விகளைப் பற்றியது அல்ல. 2018-19 சீசனில் 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, ஒன்பது புள்ளிகள், பட்டியலின் கடைசி இடம். அந்த ஆண்டும் நாங்கள் வந்தோம். பி ஸ்டாண்டில் மேளம் நிற்கவில்லை. தோல்வியைத் தாங்கத் தெரியாதவன் கால்பந்து பார்க்க வரவே மாட்டான். ஆனால் யாருக்காகத் தாங்குகிறோம் என்று தெரியாமல் தாங்குவது கடினமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு நீலச் சட்டை மட்டும் அப்படியே இருக்க, அதற்குள் இருக்கும் மனிதர்கள் மாறிக்கொண்டே இருந்தால் நாங்கள் எதைப் பிடித்துக்கொள்வது?

தொடக்க ஆண்டுகளைப் பற்றி எனக்குக் குறை இல்லை. அப்போது இந்தியன் சூப்பர் லீக்கே இரண்டரை மாதம்தான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தபோது நமது அரையிறுதியின் முதல் ஆட்டத்தைப் புணேயில் ஆட வேண்டியிருந்தது. கொல்கத்தாவை அங்கே மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றோம். பிறகு கோவாவின் ஃபட்டோர்டாவில் இறுதி ஆட்டம். 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னேறியபோது எங்கள் தெருவில் பாதிப் பேர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டார்கள். அணைக்காதவர்கள் மெண்டோசாவின் கடைசி நிமிட கோலைப் பார்த்தோம். சுவரெல்லாம் இன்னும் ஈரம் காயாத வீடுகளிலிருந்து மனிதர்கள் வெளியே ஓடிவந்து கட்டிக்கொண்ட இரவு அது. அந்த சீசனில் 13 கோல் அடித்த மெண்டோசா அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு ஆடப் போனார். அவர் பிரேசிலின் கொரிந்தியன்ஸ் கிளப்பிடமிருந்து இரவலாக வந்தவர். அவர் போனதற்கு உங்களைக் குறை சொல்வது நியாயம் ஆகாது.

2017இல் லீக் நீண்டது. நான்கைந்து மாத சீசன் வந்தது, நீண்ட ஒப்பந்தங்களுக்கு வழி பிறந்தது. 2018 மார்ச்சில் பெங்களூரு மண்ணிலேயே பெங்களூருவை 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பையைத் தூக்கினோம். மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களும் ரஃபேல் அகஸ்டோவின் ஒன்றும் இன்னும் கண்ணுக்குள் இருக்கின்றன. அந்தக் கோப்பையைத் தூக்கிய கேப்டன் செரேனோ அடுத்த சீசனில் இல்லை. கவிலான் இல்லை. மிஹேலிச் டெல்லி அணியில் இருந்தார். நான் மேலே சொன்ன அந்த ஒன்பது புள்ளி சீசன் இதற்கு அடுத்ததுதான். காயங்களும் இருந்தன. எல்லாப் பழியையும் வீரர் மாற்றத்தின் மேல் போட மாட்டேன். ஆனால் ஒரு குழு ஒன்றையொன்று புரிந்துகொண்டு ஆடத் தொடங்கிய நேரத்தில் அதன் நடுத்தூண்களை உருவிவிட்டால் கூரை எப்படி நிற்கும்?

2020இல் மீண்டும் அதே கதை. பயிற்சியாளர் ஓவன் காயல் பாதி சீசனில் வந்து, அடியில் கிடந்த அணியை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். வல்ஸ்கிஸ் 15 கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி வாங்கினார். கொரோனாவால் ஆளில்லாத மைதானத்தில் நாம் தோற்றோம். சில மாதங்களில் காயலும் வல்ஸ்கிஸும் ஜாம்ஷெட்பூர் போய்ச் சேர்ந்தார்கள். பிறகு நடந்ததைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 2022 ஜனவரியில் வல்ஸ்கிஸைத் திரும்ப அழைத்தீர்கள். 2023இல் காயலைத் திரும்ப அழைத்தீர்கள். அதே ஆண்டு நடுக்கள வீரர் கிரிவெல்லாரோவையும் திரும்ப அழைத்தீர்கள். அப்படியானால் அவர்களின் அருமை உங்களுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. இருந்தபோது பிடித்து வைத்திருந்தால், அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு அணி முதிர்ந்திருக்காதா?

அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்த இன்னொன்று பிற ஊர் ரசிகர்களுக்கும் நடந்தது என்றாலும் எங்களை ஆழமாகத் தைத்தது. 2020-21, 2021-22 இரண்டு சீசன்களையும் கோவாவில் பூட்டிய கதவுக்குள் ஆடினார்கள். எஸ்மாயேல் கொன்சால்வெஸ், யாகுப் சில்வெஸ்ட்ர், விளாடிமிர் கோமன், கிகியேவிச் எல்லோரும் நமது நீலச் சட்டை போட்டார்கள். அவர்களில் ஒருவரும் அந்தச் சட்டையோடு சென்னையில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை. எங்கள் குரலைக் கேட்காமலேயே வந்தார்கள், கேட்காமலேயே போனார்கள். நோய்க்காலத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் கதவு திறந்தபோது நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய முகங்களில் சிலராவது நேரில் வருவார்கள் என்று காத்திருந்தோம். வந்தவர்கள் பெரும்பாலும் புதியவர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பயிற்சியாளர் மாறும்போதெல்லாம் வெளிநாட்டு வீரர்களும் கூண்டோடு மாறுகிறார்கள். காயலுக்குப் பிறகு லாஸ்லோ, பிறகு பாண்டோவிச், அவர் பாதியில் விலக்கப்பட்டதும் நம் ஊர் சையத் சபீர் பாஷா கொஞ்ச காலம், பிறகு பிர்டாரிச், மறுபடி காயல். மூன்றரை ஆண்டுகளுக்குள் இத்தனை பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு ஆட்டமுறை, அதற்கேற்ற ஆட்கள், அவர்களுக்கு ஓராண்டு ஒப்பந்தம். லாஸ்லோ, பாண்டோவிச், பிர்டாரிச் காலத்து மூன்று சீசன்களிலும் கிடைத்தது எட்டாம் இடம். இத்தனை கலைத்துக் கட்டியும் ஒரு படிகூட ஏறவில்லை என்றால், கலைப்பதால் பயனில்லை என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

ஓராண்டு ஒப்பந்தம் செலவைக் குறைக்கும் என்பீர்கள். இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் தீர்ப்பு வந்ததிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஒரு ரூபாய் டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் போகலாம் என்ற வழக்கம் உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது. கடைசி ஆறு மாதத்தில் அவர் வேறு கிளப்போடு பேசி முடித்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. ஓராண்டு ஒப்பந்தம் போட்டால், ஆள் நன்றாக ஆடத் தொடங்குகிற மாதமே அவர் கைநழுவத் தொடங்குகிற மாதமாகவும் ஆகிவிடுகிறது. நன்றாக ஆடாதவரோ எப்படியும் இங்கே இருக்கப் போவதில்லை. இதில் கிளப்புக்கு எங்கே லாபம்?

கோவாவைப் பாருங்கள். கோரோ அங்கே மூன்று சீசன் இருந்தார். 18, 16, 14 என்று 48 கோல் அடித்தார். எடு பேடியா ஆறு சீசன் இருந்தார். பிராண்டன் பெர்னாண்டஸ், மந்தார் ராவ் தேசாய் இருவரும் அந்த ஊர்க்காரர்களாகவே அங்கே வளர்ந்தார்கள். அந்தத் தொடர்ச்சியின் முடிவில்தான் 2020இல் லீக் சுற்றில் முதலிடம் பெறுகிற அணிக்கான ஷீல்டும், ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்றில் ஆடிய முதல் இந்திய கிளப் என்ற பெருமையும் வந்தன. பெங்களூரு ரசிகரிடம் போய் உங்கள் கிளப் எது என்று கேட்டால் சுனில் சேத்ரியின் பெயரைச் சொல்லி முடிப்பார். என்னைக் கேட்டால் நான் யார் பெயரைச் சொல்வேன்?

சொல்வதற்கு ஒரு பெயர் இருந்தது. தாபா 2016இல் இங்கே வந்தபோது மீசை அரும்பாத பையன். எங்கள் கண் முன்னே வளர்ந்தார், 2018 கோப்பையில் பங்கு கொண்டார், கேப்டன் ஆனார். 2023 கோடையில் மோகன் பகானுக்குப் போனார். அதே கோடையில் எட்வின் வன்ஸ்பால் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அதற்கு முந்தைய ஆண்டு கோல்கீப்பர் விஷால் கைத்தும் லாலியன்சுவாலா சாங்தேவும் போயிருந்தார்கள். 2022-23இல் கைத் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கினார், சாங்தே நாட்டின் சிறந்த வீரர் விருது வாங்கினார். இருவரும் விருது வாங்கியபோது நான் கைதட்டினேன், மனதார. விளையாட்டு வீரனின் காலம் குறுகியது. நல்ல சம்பளத்துக்கும் பெரிய கோப்பைக்கும் அவர்கள் போவதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் கேட்பது உங்களை: அவர்கள் தங்குவதற்கு ஒரு காரணம் இங்கே இருந்ததா? அணி எதை நோக்கிப் போகிறது என்று ஒரு மூன்றாண்டுத் திட்டத்தை அவர்கள் முன் வைக்க முடிந்ததா?

இந்த ஊருக்கு இது புதிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் தலைமுறை சென்னை லீக் பார்த்து வளர்ந்தது. ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, சுங்கத்துறை, வருமான வரித்துறை அணிகளில் ஆடியவர்களுக்கு அந்த நிறுவனத்திலேயே வேலை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே சட்டையில் ஆடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கோல் அடித்தவரைத் திங்கட்கிழமை காலை பெரம்பூர் ரயில் நிலையத்தில் சாப்பாட்டுப் பையோடு பார்க்கலாம். "நேற்று அந்த ஃப்ரீ கிக்கை ஏன் அண்ணா மேலே அடித்தீர்கள்?" என்று கேட்கலாம். அவரும் நின்று பதில் சொல்வார். பணம் குறைவான காலம் அது, அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஆட்டக்காரரும் ஆட்டம் பார்ப்பவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்.

அந்த அறிமுகத்தைத் திரும்பப் பெற எளிய வழி உங்கள் காலடியிலேயே இருக்கிறது. வியாசர்பாடி தனபால் கணேஷ் 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியில் இதே ஸ்டேடியத்தில் கோல் அடித்தாரே, அன்று எழுந்த சத்தம் வேறு எந்தக் கோலுக்கும் எழுந்ததில்லை. சொந்த வீட்டுப் பிள்ளை மேடை ஏறினால் எழும் சத்தம் அது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரிலும் கொல்கத்தாவிலும் பெயர் வாங்கினார். சிவசக்தி நாராயணன் பெங்களூருவில் வளர்ந்தார். 2023 டூரண்ட் கோப்பையின் குழுச் சுற்றில் மோகன் பகானை வீழ்த்திய ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்தவர் நம் சென்னைக்காரர் நந்தகுமார். கொல்கத்தாவில் அவரைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த சென்னைக்காரர்கள் எத்தனை பேரின் மனம் கனத்திருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே என் கோரிக்கை இது. நட்சத்திரங்கள் வேண்டாம். கோப்பை அடுத்த ஆண்டே வேண்டாம். ஆறு பேரை, வேண்டுமானால் ஐந்து பேரை, மூன்று சீசனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் இரண்டு பேராவது இந்த மாநிலத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும். ஒரு பயிற்சியாளரை ஒரு மோசமான சீசனுக்கும் தாங்கிக்கொள்ளுங்கள், நாங்களும் தாங்கிக்கொள்கிறோம். யாராவது போகத்தான் வேண்டுமென்றால், அவருடைய கடைசி ஆட்டம் அதுதான் என்று எங்களுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். எழுந்து நின்று வழியனுப்பி வைப்போம். லீக்கின் எதிர்காலமே கேள்விக்குறியாகி, 2025இல் நாடு முழுவதும் வீரர்கள் எப்போது களமிறங்குவோம் என்று தெரியாமல் காத்திருந்ததை நாங்களும் பார்த்தோம். உங்கள் நெருக்கடி எங்களுக்குப் புரியாமல் இல்லை. அப்படிப்பட்ட காலத்தில் மிச்சமிருப்பது ஆட்களும் ரசிகர்களும் மட்டும்தான் என்பதால்தான் இதை இப்போது எழுதுகிறேன்.

மோகன் பகான் இங்கே ஆட வந்த மாலையில், ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சிக்காக அவர்கள் களத்துக்குள் வந்தார்கள். ஒருவர் பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்தார். பக்கத்து இருக்கைப் பெரியவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, அது நம் பையன் இல்லையா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் எழுந்து நின்று கைதட்டினார். அன்று களத்தில் இருந்த இருபத்திரண்டு பேரில் அவர் எண்ணைப் பார்க்காமல் அடையாளம் கண்டது அந்த ஒருவரை மட்டும்தான்.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து, 2014 முதல் உங்கள் ரசிகன்