ஃபுல்பேக் ஒழிந்துபோகவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கால்பந்து பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பேப்பரில் அந்த ஆட்டத்துக்கு அரைப் பக்கம் கிடைத்ததே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் போகிற போக்கில் ஃபுல்பேக் என்ற இடமே ஒழிந்துவிட்டது என்று ஒரு வரி எழுதிவிட்டீர்கள், அதிலிருந்து எங்கள் வியாசர்பாடி டீக்கடையில் சண்டை ஓயவில்லை. இங்கே பந்து ஆடாத தெரு கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். நைட் ஷிஃப்டில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிற பசங்க மூலமாக அந்த முட்டைப் பந்தும் உள்ளே வந்துவிட்டது, அந்த லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் என்றால் திங்கட்கிழமை விடியற்காலை 5 மணிக்கே ஒரு செல்போனைச் சுற்றி ஆறேழு தலை தெரியும்.

நம் கால்பந்து ஃபுல்பேக்கை இங்கே மறந்துவிட வேண்டும். அங்கே அவர் தாக்கும் அணிக்காரர், பந்தை வாங்கி வீசுகிற குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நிற்பவர். ஒரு காலத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதே அவர் வேலையாக இருந்தது. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் ஜிம் பிரவுன் 1957 முதல் 1965 வரை 9 சீசன் ஆடி பந்தோடு 12,312 யார்டு (ஒரு யார்டு மூன்று அடி) ஓடினார், அதில் 8 சீசனில் லீக்கிலேயே அவர்தான் முதலிடம். அவர் ஃபுல்பேக். 1972-ல் ஒரு மேட்ச்கூட தோற்காத மயாமி டால்ஃபின்ஸின் லாரி சோங்காவும் ஃபுல்பேக்தான்.

அப்புறம் ஓடுகிற வேலை பின்னால் நிற்கும் இன்னொருவருக்குப் போனது, ஃபுல்பேக்குக்கு முட்டுகிற வேலை மிஞ்சியது. காசிமேட்டில் மீன் கூடையோடு வருகிறவருக்கு முன்னால் ஒருத்தர் ‘ஓரம், ஓரம்’ என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுவாரே, அதே வேலை, என்ன, இங்கே எதிரில் நிற்பவன் நூறு கிலோவுக்கு மேல் இருக்கிற லைன்பேக்கர் (தடுப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் முரட்டு ஆள்), ஒதுங்க மாட்டான். 18,355 யார்டு என்று எம்மிட் ஸ்மித்தின் ஓட்டச் சாதனையைச் சொல்கிறோம், அதில் பெரும்பகுதிக்கு டல்லாஸ் அணியில் வழி திறந்துவிட்ட டேரில் ஜான்ஸ்டன் கடைசியில் கழுத்துக் காயத்தால்தான் ஆட்டத்தை விட்டார். லாரென்சோ நீல் இன்னும் ஒரு படி மேலே. 1997 முதல் 2007 வரை தொடர்ந்து 11 சீசன், அணி மாறினாலும் அவர் யாருக்கு முன்னால் ஓடினாரோ அவர் ஆயிரம் யார்டைத் தாண்டினார். 2006-ல் லடேனியன் டாம்லின்சன் 31 டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டு சேர்ப்பது) போட்டபோதும் முன்னால் நின்றவர் இவர்தான்.

சரி, ஒழிந்துவிட்டது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1978-ல் பந்தை வீசி ஆடுகிற பாஸ் ஆட்டத்துக்குச் சாதகமாக விதிகளை மாற்றினார்கள், பாஸ் பிடிக்க ஓடுகிற ரிசீவரை 5 யார்டுக்கு அப்பால் இடிக்கக் கூடாது என்றார்கள். பந்தை வீசுவது லாபமாகிவிட்டது. களத்தில் இருப்பது 11 பேர்தான், மூன்றாவது வைட் ரிசீவர் வேண்டும் என்றால் யாரையாவது உட்கார வைக்க வேண்டும், உட்கார்ந்தவர் ஃபுல்பேக். குவாட்டர்பேக் பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்கும் ஷாட்கன் பரவியதும் ஃபுல்பேக் நின்ற இடமே காலி. இன்று பல அணிகளில் அந்தப் பெயரில் ஆளே இல்லை, தேவைப்பட்டால் முட்டவும் பாஸ் பிடிக்கவும் தெரிந்த டைட் எண்ட் ஒருவரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்திக்கொள்கிறார்கள். இதுவரை உங்கள் கட்டுரையோடு எனக்குத் தகராறு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் விட்டுவிட்டீர்கள். மூன்று ரிசீவரைத் துரத்த வேண்டுமே என்று எதிரணியும் ஒரு கனமான லைன்பேக்கரை வெளியே அனுப்பிவிட்டு, வேகமான சின்ன உடம்புக்காரர் ஒருவரை உள்ளே கொண்டுவந்தது. தடுப்பாட்டம் முழுக்க இளைத்துவிட்டது. இளைத்தவர்கள் மீது முட்டுவதற்கு ஆள் வைத்திருக்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சான் பிரான்சிஸ்கோ கோச் கைல் ஷானஹன் 2017-ல் வந்த கையோடு கைல் யூஸ்செக் என்ற ஃபுல்பேக்கை 4 வருடம், 2 கோடியே 10 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தார். சிரித்தவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த ஆள் முட்டுவார், பாஸ் பிடிப்பார், டைட் எண்ட் இடத்தில் நிற்பார், ஆட்டம் தொடங்கும் நொடிக்கு முன்னால் குறுக்கே நடந்துபோய் எதிரணியின் கணக்கையே கலைப்பார். அவரைப் பார்த்து எதிரணி மூன்று லைன்பேக்கரை இறக்கினால் பந்தை வீசுவார்கள், சின்ன ஆட்களை இறக்கினால் அவரை முன்னால் விட்டு ஓடுவார்கள். இவர்கள் பக்கம் ஒரு ஆளைக்கூட மாற்ற வேண்டியதில்லை, அதுதான் இதில் உள்ள அழகு. 2020 பிப்ரவரி சூப்பர் பௌலில் அவரே 15 யார்டு பாஸ் பிடித்து டச்டவுன் போட்டார் (மேட்சைக் கோட்டைவிட்டார்கள், அது வேறு கதை).

பால்டிமோர் அணி செய்தது வேறு விதம். பேட்ரிக் ரிக்கார்ட், தடுப்பு வரிசையில் ஆடி வந்தவர், கிட்டத்தட்ட 300 பவுண்டு. குவாட்டர்பேக் லமார் ஜாக்சனுக்கு முன்னால் அந்த மலையை நிறுத்தி 2019-ல் அணியாக 3,296 யார்டு ஓடினார்கள், ஒரே சீசனில் அதற்கு முன் எந்த அணியும் அவ்வளவு ஓடியதில்லை. அதே சீசனில் ரிக்கார்ட் தடுப்பாட்டத்திலும் இறங்கினார்.

இதெல்லாம் எப்போதோ ஒரு முறை நடக்கும் அதிசயம் என்று எங்கள் கடையில் ஒரு தம்பி வாதாடுகிறான், ஷானஹனிடம் இருந்து யூஸ்செக்கைப் பிடுங்கிவிட்டால் எத்தனை கோச்சுக்கு இப்படி ஆட்டம் போடத் தெரியும் என்று கேட்கிறான். நியாயமான கேள்வி. என் பதில், பழைய மாதிரி முட்ட மட்டும் தெரிந்தவருக்கு இனி வேலை கிடைப்பது கஷ்டம், நாலு வேலை தெரிந்தவருக்குக் கிராக்கி இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த சூப்பர் பௌல் வரும்போது, இடைவேளையில் பாடியவர் போட்டிருந்த சட்டைக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது பந்து கையில் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள். யார் டச்டவுன் போட்டார் என்பது போனிலேயே வந்துவிடுகிறது, அவருக்கு முன்னால் யார் யாரை இடித்துத் தள்ளினார் என்பதைத்தான் பேப்பரில் தேடுகிறோம். எழுத ஆள் இல்லை என்றால் தகவல் சொல்லுங்கள், இங்கே சண்டை போடுகிறவர்களில் நாலு பேருக்கு நன்றாகவே எழுத வரும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை - 39