ஹெரால்டின் ஏசி பம்ப்பும் உன் ஃபியட்டும்

சென்னை

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன். உன் கடிதங்களுக்குப் பதில் போடாமல் இருந்ததற்கு நீ என்னென்ன சொல்லித் திட்டுவாய் என்பது எனக்கு மனப்பாடம். ஆதலால் அந்தப் படலம் முடிந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். கல்யாணியின் முழங்கால் வலி இப்போது தேவலை. மாமா வழக்கம்போல் யாரையும் நம்புவதில்லை.

நான் இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம், தை பிறந்ததும் ஃபியட்டை ஷெட்டிலிருந்து எடுத்து ஓட்டப்போவதாக நீ போகிற போக்கில் எழுதியிருந்த ஒரு வரிதான். தாராளமாக எடு. ஆனால் சாவியைத் திருகுவதற்கு முன், எஞ்சின் எண்ணெயின் மட்டம் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி, நுனியை முகர்ந்து பார். எண்ணெயில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்றாலோ, வண்டியைக் கிளப்பாதே.

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரைப் பார்த்துத்தான் சொல்கிறேன். மழை விட்ட ஒரு நாளில் பானெட்டைத் தூக்கினேன். (முன்பக்கம் முழுவதும் மட்கார்டோடு சேர்ந்து கவிழ்ந்து நிற்கும் அந்தக் கோலத்தைப் பார்த்து நீ செய்த கேலியை நான் இன்னும் மறக்கவில்லை.) டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்கு அனுப்பும் ஏசி பம்ப்பின் (ஏசி என்பது கம்பெனிப் பெயர், குளிர்சாதனம் அல்ல) அடிவயிறு ஈரமாக இருந்தது. தொட்டால் விரல் சில்லென்றது. துடைத்த சிறிது நேரத்தில் மறுபடியும் ஒரு சொட்டு திரண்டது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும், உள்ளே பொறி பறக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை நினைத்தபோது எனக்கு வியர்த்துவிட்டது.

அக்கம்பக்கத்தில் ஒரு பட்டறைக்காரரை அழைத்துக் காட்டினேன். பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும், இதைக் கழற்றி எறிந்துவிட்டு எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிடலாம் என்று பார்த்த மாத்திரத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கிருந்து ஒழுகுகிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு வந்த கோபம் அதற்காகத்தான். ஏனென்றால் இந்தப் பம்ப்பில் ஒழுகும் இடமே நோயைச் சொல்லிவிடும். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பில் கசிந்தால் கார்க் கேஸ்கட் காய்ந்துபோயிருக்கும். மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடுக்கில் கசிந்தால் சுற்றியுள்ள ஸ்க்ரூக்கள் தளர்ந்திருக்கும், அல்லது விளிம்பு வளைந்திருக்கும். குழாய் நுழையும் இடத்தில் என்றால் குழாயைப் பூட்டும் யூனியன் நட்டைப் பார்க்க வேண்டும். கீழ்பாதியில் இருக்கும் சின்னஞ்சிறு துளையிலிருந்து சொட்டினால் மட்டும், உள்ளே மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுத்துத் தள்ளும் சவ்வான டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று பொருள். எனக்கு நேர்ந்தது இந்தக் கடைசி வகை.

அந்தத் துளை வழியாக வெளியே சொட்டுவதை நாம் பார்த்துவிடுகிறோம். பார்க்க முடியாதது உள்பக்கம் போவது. எஞ்சினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் தட்டி ஆட்டும் நெம்புகோல் இருக்கும் அறை நேராக எஞ்சினுக்குள் திறந்திருப்பதால், கிழிசல் வழியாக இறங்கும் பெட்ரோலில் ஒரு பங்கு, எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டியான சம்ப்பில் போய் எண்ணெயோடு கலந்து அதைத் தண்ணீராக்கிவிடுகிறது. நீர்த்த எண்ணெய் பேரிங்கில் நிற்காது. எண்ணெய் குறைந்தால் கவலைப்படும் நாம், கூடினால் நல்லது என்று விட்டுவிடுவோம், அங்கேதான் ஆபத்து. சில பம்ப்களில் அந்தத் துளையும் கிடையாது. அவற்றில் ஒரு சொட்டுக்கூட வெளியே காட்டாமல் எல்லாம் உள்ளே போய்விடும். நீண்ட நாள் நின்ற வண்டியில் காய்ந்த டயாஃப்ரம் கிளப்பிய சில நிமிடங்களிலேயே பிளக்கக்கூடும் என்பதும் உன் விஷயத்தில் சேர்ந்துகொள்கிறது.

பாட்டரி வயரைக் கழற்றி, டாங்கிலிருந்து வரும் ஹோஸை அடைத்துவிட்டுப் பம்ப்பை இறக்கினேன். பிரிப்பதற்கு முன் இரண்டு பாதிகளின் விளிம்பிலும் சேர்த்து அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள். இல்லாவிட்டால் பூட்டும்போது குழாய் வாய்கள் வேறு திசையைப் பார்க்கும். டயாஃப்ரத்தை அழுத்திக் கால்வட்டம் திருப்பினால் கொக்கியிலிருந்து விடுபட்டு வந்துவிடும். அதைக் குழல்விளக்குக்கு நேரே பிடித்தபோது, நடுவில் இருக்கும் தகட்டின் ஓரமாக, மடிந்து மடிந்து வேலை செய்யும் இடத்தில், முடியளவு ஒரு கீறல் வெளிச்சத்தைக் காட்டியது. சுற்றியுள்ள துணி விறைத்து அப்பளம்போல் ஆகியிருந்தது.

இதில் பெட்ரோலுக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. 2030 என்று வைத்திருந்த இலக்கை முன்னால் இழுத்து 2025-26 என்று ஆக்கிக்கொண்டார்கள். கொள்கையைப் பற்றி நீயும் பாலுவும் சண்டையிடுங்கள், நான் வரவில்லை. அந்தக் காலத்து ரப்பரும் கார்க்கும் எத்தனாலைக் கண்டவை அல்ல என்பதே என் கவலை. அது ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. நம் கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம். கிண்ணத்தின் அடியில் கலங்கலாக ஒரு படலம் தனியே தங்கியிருந்ததை நானே பார்த்தேன். ஆகவே நீ வாங்கும்போது எத்தனால் தாங்கும் ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர் வகை டயாஃப்ரமா என்று கேட்டு வாங்கு.

பழைய வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் அலைந்தது தனிக்கதை. 1961 முதல் பெருங்களத்தூரில் செய்து, இந்த ஊர்த் தெருக்களெல்லாம் ஓடிய வண்டிக்கு இந்த ஊரிலேயே சாமான் தேட வேண்டியிருக்கிறது! முழுப் பம்ப் இருக்கிறது என்று காட்டிய கடைகளில் எல்லாம் துருப்பிடித்த பழையதே இருந்தது. கடைசியில் ஒரு பெரியவர் கீழறையிலிருந்து, பம்ப்பைப் பழுதுபார்க்கும் சாமான்கள் அடங்கிய கிட் ஒன்றை எடுத்துத் தூசு தட்டினார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. இது கல்யாணிக்குத் தெரிய வேண்டாம்.

பூட்டும்போதுதான் கவனம் தேவை. ஸ்க்ரூக்களை முதலில் விரலளவுக்கு மட்டும் முடுக்கி, நெம்புகோலை முழுவீச்சுக்கு இழுத்துப் பிடித்தபடியே எதிரெதிராக இறுக்க வேண்டும். தளர்ந்த நிலையில் இறுக்கினால், ஒவ்வொரு இழுப்பிலும் டயாஃப்ரத்தின் விளிம்பு இழுபட்டுச் சீக்கிரமே கிழியும். விளிம்பில் பசை எதுவும் தடவாதே. எஞ்சினோடு சேரும் கேஸ்கட்டையும் பழைய கனத்திலேயே போடு. தடித்துவிட்டால் நெம்புகோலின் வீச்சு குறைந்து பெட்ரோல் சரியாக ஏறாது. பிறகு எண்ணெயையும் பில்டரையும் மாற்றிவிட்டேன். சிக்கனம் பார்க்கும் இடம் அதுவல்ல.

எலெக்ட்ரிக் பம்ப் பற்றி நீயும் ஆரம்பிப்பாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நம் கார்புரேட்டரில் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தாங்கும் அழுத்தம் மிகக் குறைவு. அழுத்தம் பார்க்காமல் ஏதோ ஒன்றை மாட்டினால் கார்புரேட்டரே வழியத் தொடங்கும். அதைவிட முக்கியம், எஞ்சின் நின்றால் அதனால் ஓடும் நம் பழைய பம்ப்பும் நிற்கும். மோதலில் குழாய் அறுந்தாலும் சாவி அணையும்வரை பெட்ரோலைத் தள்ளிக்கொண்டிருக்கும் சாதனத்தை, தக்க பாதுகாப்பு சுவிட்ச் இல்லாமல் என் வண்டியில் வைக்க மாட்டேன். திண்டிவனத்தில் நடந்ததற்குப் பிறகுமா இதை உனக்கு விளக்க வேண்டும்?

எண்ணெயில் வாடை இல்லாவிட்டால், பம்ப்பின் கைவிசையைச் சிறிது நேரம் அடித்துக் கீழே காகிதம் விரித்துப் பார். விசை தொளதொளவென்று ஆடினால் பயப்படாதே. கேம் மேலே நிற்கிறது, எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி அடி. காகிதம் நனைந்தால் எனக்கு உடனே எழுது. அந்தப் பெரியவரிடம் ஃபியட் கிட்டும் இருந்தது. எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பணம் நீதான் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
வேங்கடம்