உங்கள் டிக்கட் எத்தனை பேர்?

இலங்கையில் கேளிக்கைப் பூங்கா நடத்துகிறவர்களுக்கும் இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கும்,

வணக்கம். ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வருடா வருடம் பிள்ளைகளின் சுற்றுலாவுக்குக் காசு சேர்ப்பது என் பொறுப்பு.

தலைப்பில் உள்ள 'பேர்' உங்களில் சிலருக்குப் புரியாமல் இருக்கலாம். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். பறித்த தேயிலைக் கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான். என் அம்மா எந்தச் செலவையும் ரூபாயில் சொன்னதில்லை, "அது ரெண்டு பேரு காசு" என்பார். 2021இல் ஒரு பேருக்கு 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய்.

போன முறை கீழே ஒரு நீர்ப் பூங்காவுக்குப் போனோம். பஸ், டிக்கட், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு நான்கு பேர் காசு. இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் எட்டு நாள் கொழுந்து. என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் வரவில்லை. ஒரு சிறுமி, "எனக்கு பஸ்ல வாந்தி வரும் டீச்சர்" என்றாள். தினமும் பஸ்ஸில்தான் பாடசாலைக்கு வருகிறாள்.

மலையில் இருப்பவர்களுக்குச் சுற்றுலா எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏப்ரல் சீசனுக்கு நாடே நுவரெலியாவுக்கு ஏறி வருகிறது, சரி. ஆனால் பனியும் குளிரும் எங்கள் பிள்ளைகளின் லயத்து வாசலில் கிடக்கின்றன. அவர்களுக்கு வேண்டியது கினிகத்தேனை, கித்துள்கல என்று இறங்கிப் போய், வெயிலில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் சறுக்கி விழுவது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1955இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறந்தபோது பெரியவர்களுக்கு நுழைவு 1 டொலர். விளையாட்டுகளுக்குத் தனிக் காசு என்றாலும், அன்றைய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 75 சதம், ஒன்றரை மணி நேர வேலையில் வாசலைத் தாண்டலாம். 2024 அக்டோபரில் கூட்டமான நாளுக்கான டிக்கட் 206 டொலர். அந்நாட்டு அரசின் குறைந்தபட்சக் கூலியோ 2009இலிருந்து 7.25 டொலரிலேயே நிற்கிறது. அந்தக் கூலிக்கு ஒருவர் 28 மணி நேரத்துக்கு மேல் உழைக்க வேண்டும்.

விலையைவிட என்னைப் பயமுறுத்துவது வரிசை. டிஸ்னி பூங்காக்களில் 1999இல் வந்த விரைவு வரிசைச் சீட்டு இலவசமாக இருந்தது. 2021இல் அதை எடுத்துவிட்டு, கூடுதல் காசு கட்டுகிறவர் முன்னால் போகலாம் என்று ஆக்கினார்கள். தயவுசெய்து அதை இங்கே கொண்டுவராதீர்கள். எங்கள் பிள்ளைகள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வரிசையில் நிற்பார்கள். அவர்களைத் தாண்டி இன்னொரு பிள்ளை போவதை மட்டும் பார்க்க வைக்காதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. நாங்கள் போன இடத்தில் வாசலிலேயே பார்சல்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து அம்மாக்கள் சுட்ட ரொட்டியும் சம்பலும் அவை. உள்ளே விற்ற சாப்பாட்டை வாங்கக் காசில்லாத ஒரு பையன் பசியில்லை என்றான். அன்று என் பார்சலும் வெளியில்தான் இருந்தது.

உங்கள் செலவு எனக்குத் தெரியாமலில்லை. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் உதிரிப் பாகங்களுக்கு நீங்களும் தவித்திருப்பீர்கள். பாதுகாப்பில் ஒரு சதமும் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை பாதி காலியாகக் கிடக்கிற குளத்துக்கும் மோட்டார் ஓடத்தான் செய்கிறது, காவலுக்கு ஆளும் நிற்கத்தான் செய்கிறார்.

அதனால் கேட்கிறேன். பாடசாலை நடக்கும் காலத்தில் மாதத்தில் சனி, ஞாயிறு அல்லாத ஒரு நாளைத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஒதுக்குங்கள். டிக்கட் அரைப் பேர் காசுக்குள் இருக்கட்டும், எல்லா விளையாட்டும் அதிலேயே அடங்கட்டும். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுங்கள்.

அடுத்த சுற்றுலாவுக்குப் பெயர் எடுக்கத் தொடங்கிவிட்டேன். பஸ்ஸில் வாந்தி வரும் என்ற பிள்ளையின் பெயரை இம்முறை நானே முதலாவதாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் தொகையை இன்னும் எழுதவில்லை. உங்கள் பதிலுக்காக அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியை