ஆபீஸ் போட்டோவுக்கு முந்தின நாளே தயாராகுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் கும்பகோணத்துல 24 வருஷமா ஸ்டுடியோ வச்சிருக்கேன். உங்க பேப்பர்ல வேலைவாய்ப்பு பக்கத்துல பயோடேட்டா எப்படி எழுதணும், இன்டர்வியூவுக்கு எப்படி போகணும்னு எல்லாம் போடுறீங்க, என் கடைக்கு வர்ற புள்ளைங்க சிலபேர் அத வெட்டி ஃபைல்ல வச்சிருக்கறதயே பாத்திருக்கேன். ஆனா அந்த பயோடேட்டா மேல ஒட்டுற போட்டோவுக்கு எப்படி ரெடி ஆகணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. அதனாலதான் இந்த லெட்டர்.

முன்னாடியெல்லாம் போட்டோன்னா கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ், அவ்வளவுதான். இப்ப நாச்சியார்கோயில்ல குத்துவிளக்கு வார்க்கறவரு, பாத்திரக்கடைக்காரரு, ஆடிட்டர் ஆபீஸ் பொண்ணு, எல்லாருக்குமே ஒரு ‘பிசினஸ் போட்டோ’ வேணும், வெப்சைட்டுக்கு, லிங்க்ட்இனுக்கு, வாட்ஸ்அப் பிசினஸுக்குன்னு கேக்குறாங்க. நல்ல விஷயம்தான். ஆனா வர்றது எப்படின்னா பைக்க நிறுத்திட்டு ஹெல்மெட்ட கழட்டின கையோட உள்ள வந்து, “அண்ணே அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுங்க, பஸ் இருக்கு”ன்னு.

போன சித்திரையில ஒருத்தரு, பெரிய கடைக்காரரு, மத்தியானம் 1 மணிக்கு கடையிலேர்ந்து நேரா வந்தாரு. சட்டைப் பையில ரூவா நோட்டு, சின்ன டைரி, ரெண்டு பேனா, போன், பை அப்படியே தொங்குது. வெயில்ல கறுக்குற கண்ணாடி வேற போட்டிருந்தாரு, அது தெளியறதுக்குள்ளயே எடுக்கச் சொன்னாரு. வேர்வைக்கு மேல எங்க கண்ணாடிகிட்ட இருந்த பவுடர எடுத்து அப்பிக்கிட்டாரு, ஃப்ளாஷ் வெளிச்சத்துல முகம் மட்டும் சாம்பல் பூத்த மாதிரியும் கழுத்து வேற கலராவும் வந்துச்சு. நானும் கம்ப்யூட்டர்ல உக்காந்து எல்லாத்தயும் வழிச்சு, வெளுக்க வச்சு, பளபளன்னு குடுத்துட்டேன். மறுநாள் திரும்ப வந்து “என் வீட்டம்மா இது நீங்க இல்லங்குறாங்க”ன்னாரு. அந்த அம்மா சொன்னது சரி. தப்பு என்மேலயும்தான், வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லியிருக்கணும். காசு வாங்காம இன்னொரு நாள் காலையில வரச்சொல்லி எடுத்துக் குடுத்தேன்.

அதனால சொல்றேன், இந்த போட்டோவுக்குப் பாதி வேலை முந்தின நாளே வீட்டுல நடந்துடணும். ராத்திரி நல்லா தூங்கணும், கண்ணு வீங்கியிருந்தா எந்த லைட்டாலயும் மறைக்க முடியாது. முடி வெட்டிக்கறத நாலஞ்சு நாள் முன்னாடி வச்சுக்குங்க, அப்பதான் வெட்டின கோடு தெரியாம படிஞ்சிருக்கும். ஷேவிங் அன்னிக்கு காலையிலயே முடிச்சுடுங்க, கடைக்கு வர்றதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடின்னா சிவப்பு அடங்கிடும். ஃபேஷியல், புது க்ரீம் இதெல்லாம் முந்தின நாள் பண்ணவே வேணாம், தோல் ஒத்துக்கலன்னா என்ன பண்ணுவீங்க.

துணி விஷயத்துலதான் ரொம்ப பேர் தடுமாறுறாங்க. சின்னச் சின்ன கட்டம், ஊசி மாதிரி கோடு போட்ட சட்டை வேணாம், டிஜிட்டல் கேமராவுல அது மேல கலர் கலரா அலை ஓடுற மாதிரி ஒண்ணு விழும், அத எடுக்கறது பெரும்பாடு. வெள்ளைச் சட்டைதான் போடுவேன்னா போடுங்க, ஆனா பின்னாடி வெள்ளை ஸ்க்ரீன் கேக்காதீங்க, தோளு எங்க முடியுதுன்னே தெரியாது, உள்ள கை வச்ச பனியன் போட்டுக்குங்க இல்லன்னா பனியன் கோடு அப்படியே தெரியும். திருபுவனம் பட்டு கட்டிட்டு வர்ற அக்காமாருங்க போன்லயே முன்கூட்டி சொல்லிடுங்க, ஜரிகையில வெளிச்சம் பட்டா முகத்த விட அதுதான் முன்னாடி தெரியும், நாங்க லைட்ட வேற மாதிரி வச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் இஸ்திரி போட்டு ஹேங்கர்ல கொண்டு வாங்க, இங்க வந்து மாத்திக்கலாம், மன்னார்குடியிலேர்ந்து பஸ்ல போட்டுக்கிட்டே வந்தா போட்ட இஸ்திரி வந்து சேர்றதுக்குள்ள போயிடும்.

எங்க ஸ்டுடியோக்கள்ல ஆணியில ஒரு கோட்டு தொங்கும் பாத்திருப்பீங்க. எல்லாருக்கும் அதே கோட்டு, பின்னாடி கிளிப் போட்டு இழுத்துப் பிடிச்சு எடுப்போம். நான் அத கழட்டி உள்ள வச்சுட்டேன். தொழில்ல தினமும் கோட்டு போடுறவங்க அவங்க கோட்ட கொண்டு வரட்டும், தாராளமா எடுக்கலாம். விளக்கு வார்க்கறவரு எதுக்கு இரவல் கோட்டுல நிக்கணும்? அவர பட்டறையிலயே வச்சு, பாதி ராவுன விளக்க கையில குடுத்து, “இது எத்தன கிலோ வரும் அண்ணே”ன்னு கேட்டேன், அவரு விளக்கப் பத்தி சொல்ல ஆரம்பிச்சதும் முகத்துல ஒரு களை வந்துச்சு பாருங்க, நான் நூறு தடவ “சிரிங்க சிரிங்க”ன்னு சொல்லியிருந்தாலும் அது வந்திருக்காது. வெத்தல போட்டு பல்லு கறை ஆனவங்க சிரிக்கவே கூச்சப்படுறாங்க, வாய மூடிக்கிட்டே லேசா சிரிச்சாலும் போதும், கண்ணுல தெரியும் அது.

இன்னொண்ணு மனசு வலிக்குது. வர்றவங்கள்ல பாதிப்பேர் முதல்ல கேக்குறது “கொஞ்சம் கலராக்கி குடுங்க”ன்னுதான், படிச்ச புள்ளைங்களும் கேக்குதுங்க. நாங்களும் வருஷக்கணக்கா பண்ணிக் குடுத்து பழக்கிட்டோம். ஒரு பரு, ஷேவிங்ல வெட்டுன கீறல், இதெல்லாம் ஒரு வாரத்துல போயிடும், அத எடுக்கலாம். மச்சம், தழும்பு, உங்க நிறம், இதுல கை வைக்கச் சொல்லாதீங்க. அந்த போட்டோவ பாத்துட்டுத்தான் ஒருத்தர் நேர்ல தேடி வரப்போறாரு, வாசல்ல நிக்கற உங்கள அவரு அடையாளம் கண்டுபிடிக்கணும்ல.

எங்க போடப்போறீங்கன்னு எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. பாஸ்போர்ட்டுக்கு 35க்கு 45 மில்லிமீட்டர்னு அளவு இருக்கு, லிங்க்ட்இன்ல, வாட்ஸ்அப்ல எல்லாம் வட்டமா வெட்டிடும், அதுக்குத் தலைக்கு மேல இடம் விட்டு எடுக்கணும். முடிஞ்சதும் படத்த வாட்ஸ்அப்ல சாதா போட்டோவா வாங்காதீங்க, அது படத்த சுருக்கிடும், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க இல்லன்னா பென்டிரைவ் கொண்டு வாங்க.

ஸ்டுடியோவுக்குக் காசு இல்லாத புள்ளைங்க கவலப்பட வேணாம். முற்றம் வச்ச பழைய வீடு நம்ம ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கு, காலையில நேர்வெயில் படாம தாழ்வாரத்துல முற்றத்தப் பாத்து நின்னா அந்த வெளிச்சம் அவ்வளவு மெதுவா முகத்துல விழும். செல்ஃபி மட்டும் வேணாம், போன கிட்ட வச்சா மூக்கு பெருசா தெரியும், வேற யாரையாவது அஞ்சாறு அடி தள்ளி நின்னு உங்க கண்ணு உயரத்துக்கு போன வச்சு, 2எக்ஸ் ஜூம்ல எடுக்கச் சொல்லுங்க.

ஆடி மாசம் கல்யாணம் கிடையாது, எங்களுக்கும் வேலை கம்மி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம்கூட பொறுமையா ஒதுக்க முடியும். கல்யாண சீசன்ல வந்து அவசரப்படுறத விட அப்ப வாங்க, காலையில வாங்க, வந்ததும் கால் மணி நேரம் ஃபேனுக்குக் கீழ உக்காந்து வேர்வை அடங்கட்டும். மத்த ஸ்டுடியோ நண்பர்களும் புக்கிங் வாங்கும்போதே இதெல்லாம் ரெண்டு வார்த்த சொல்லிடுங்கன்னு கேட்டுக்கறேன். ஆடி பொறக்கறதுக்கு முன்னாடி இந்த லெட்டர போட்டீங்கன்னா உதவியா இருக்கும் சார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டுடியோக்காரர்,
கும்பகோணம்