61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் 42 நாள் போனது உங்களால்: வகுப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், அவர்களுக்கு மேலே முடிவெடுக்கிற இடத்தில் இருப்பவருக்கும்,

வணக்கம். பட்டயக் கணக்காளர் படிப்பின் இடைநிலைத் தேர்வான சிஏ இன்டரில் வரிவிதிப்புத் தாளுக்கான உங்கள் பென்டிரைவ் வகுப்பை 2025 ஏப்ரல் 9ஆம் தேதி 14,500 ரூபாய் கட்டி வாங்கினேன். பென்டிரைவ் நாலே நாளில் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிற எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்துவிட்டது. அதைத் திறக்கிற ஆக்டிவேஷன் கீ வந்தது மே 27ஆம் தேதி. இடையில் பதினோரு மெயில் போட்டேன், போனுக்குக் கணக்கே இல்லை. எப்போது கூப்பிட்டாலும் "டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்லியிருக்கோம் சார், 24 மணி நேரத்துல வந்துடும்" என்ற ஒரே பதில்.

நான் இங்கே ஓர் இறால் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப்பிள்ளை. விசைப்படகு கரைக்கு வருகிற நாளில் விடியற்காலை நாலு மணிக்குத் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால், இறாலைக் கிலோவுக்கு எத்தனை என்ற கவுண்ட் வாரியாகப் பிரித்து, நண்டும் கணவாயும் தனியாக எடை போட்டு, டீசல் அட்வான்ஸ், ஐஸ் காசு எல்லாம் கழித்துப் படகுக்காரர்களுக்குப் பட்டுவாடா பண்ணி, லாரி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வர இரவு எட்டு, ஒன்பது ஆகிவிடும். எடைச்சீட்டெல்லாம் மீன் தண்ணியில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். கிழியாமல் பிரித்து, மேசையில் பரப்பி ஃபேனைப் போட்டு, மை கலைவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றியாக வேண்டும். 3 போட்டிருக்கிறதா 8 போட்டிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன், ஏனென்றால் அந்த ஒரு எண்ணில் ஒரு படகுக்காரருடைய அன்றைய கூலி இருக்கிறது. இப்படி ஒரு நாள் முடிந்து வந்து புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கத்துக்கு மேல் கண் நிற்காது.

எனக்குப் படிக்கக் கிடைக்கிற காலம் வருஷத்தில் ஒன்றுதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் கொஞ்சம் வரும், மாலை ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருப்பேன். உங்கள் வகுப்பு 160 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் என்று காலண்டரில் எழுதி வைத்தேன், முழுதும் ஒரு முறை பார்த்து ரிவிஷனுக்கும் கொஞ்சம் மிஞ்சும் என்று. நீங்கள் கீ அனுப்பியபோது 42 நாள் போய்விட்டிருந்தது. மிச்சம் 19 நாளில் 57 மணி நேரம் பார்த்தேன். ஜூன் 15லிருந்து பழையபடி விடியற்காலை நாலு மணி.

இதைப் போனில் சொன்னபோது உங்கள் ஆள் "தடைக்காலம்னா என்ன சார்?" என்று கேட்டார். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. ஆனால் பணம் வாங்கும்போது "வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்காக" என்றுதானே விளம்பரம் செய்தீர்கள்? அப்படியானால் வேலை பார்க்கிறவனுடைய ஓய்வு நாளுக்கு ஒரு மதிப்பு வேண்டும்.

அடுத்தது இதைவிட மோசம். ஜனவரி தேர்வில் கணக்கியலில் 63 வாங்கி, அந்தத் தாளைத் திரும்ப எழுத வேண்டாம் என்கிற எக்ஸெம்ஷன் வைத்திருக்கிறேன், சட்டத்தில் 44, வரிவிதிப்பில் 36. தாளுக்கு 40 வேண்டும், வரிவிதிப்பில் நாலு மார்க் குறைந்து, மூன்று தாளும் சேர்ந்த குரூப் போனது. அந்தத் தேர்வுக்கு, வரி விகிதத்தை வருஷா வருஷம் சொல்கிற நிதிச் சட்டத்தில் பழையது. மே தேர்விலிருந்து 2024 நிதி (எண் 2) சட்டம் வந்துவிட்டது, அதற்காகத்தான் புது வகுப்பே வாங்கினேன். ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்குக் கேப்பிட்டல் கெயின்ஸ், அதாவது சொத்தோ பங்கோ விற்ற ஆதாயத்துக்கான வரிக் கணக்கு ஒன்று போட்டேன். 2024 ஆகஸ்டில் விற்ற பட்டியலிட்ட பங்கு, குறுகிய கால ஆதாயம் 1,20,000 ரூபாய். உங்கள் வீடியோவில் சொன்னபடி 15 சதவீதம் போட்டால் வரி 18,000. சிஏ தேர்வை நடத்துகிற இன்ஸ்டிடியூட்டின் புத்தகத்தில் 24,000. எங்கே தப்பு விட்டேன் என்று ஒரு மணி நேரம் தேடினேன். தப்பு என் கணக்கில் இல்லை. 2024 ஜூலை 23லிருந்து அது 20 சதவீதம், நீண்ட கால ஆதாயத்துக்கு 10 போய் 12.5, அதன் விலக்கு வரம்பு அந்த நிதியாண்டு முழுவதுக்கும் ஒரு லட்சத்திலிருந்து 1.25 லட்சம். உங்கள் வீடியோவில் இது எதுவுமே இல்லை. பழைய விகிதம் எனக்கு ஜனவரியிலேயே தெரியும், அதைத் திரும்பக் கேட்க 14,500 ரூபாய் கட்டவில்லை. "அமெண்ட்மெண்ட் வீடியோ விரைவில்" என்று, சட்டத் திருத்தங்களுக்கான பெட்டி மட்டும் ஆப்பில் இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்ஸ்டிடியூட் புத்தகத்தை வெப்சைட்டில் இலவசமாகவே தருகிறது, நேரலை வகுப்பும் இலவசம். இருந்தும் உங்களிடம் வந்தது, தமிழில் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதற்காக. உங்கள் ஆசிரியர் நன்றாகத்தான் நடத்துகிறார், ஜிஎஸ்டி பகுதி எனக்கு முதல் தடவையாக அவரால்தான் புரிந்தது. அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

அப்புறம் வியூஸ். ஒரு வீடியோவை இரண்டு முறைதான் பார்க்கலாம், சரி. இங்கே கரண்ட் போய் லேப்டாப் அணைந்தால் அதையும் ஒரு முறை என்று உங்கள் ஆப் கழித்துக்கொள்கிறது. வேலிடிட்டி ஆறு மாதத்தையும் பணம் கட்டிய தேதியிலிருந்து எண்ணுகிறீர்கள், கீ வந்த தேதியிலிருந்து அல்ல.

செப்டம்பர் தேர்வுக்கு முதல் குரூப்புக்கு 1,500 ரூபாய் கட்டியாகிவிட்டது, மதுரை சென்டர், கட்டாயம் எழுதுவேன். நீங்கள் செய்ய வேண்டியது: திருத்தங்களுக்கான வீடியோவை இந்த வாரமே போடுங்கள், எனக்கு மட்டுமல்ல, வாங்கிய எல்லோருக்கும். கழித்த வியூஸைத் திருப்பிக் கொடுங்கள். வேலிடிட்டியை 2026 ஜனவரி தேர்வு வரை நீட்டுங்கள். திருத்த வீடியோ தர முடியாது என்றால் கட்டிய பணத்தில் பாதியைத் திருப்பி அனுப்புங்கள்.

பத்து நாளில் பதில் வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது.

பில், பதினோரு மெயில், கீ வந்த குறுஞ்செய்தி, அந்தக் கணக்கு வருகிற வீடியோவின் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் இணைத்திருக்கிறேன். கூப்பிடுவதாக இருந்தால் இரவு ஒன்பதுக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் ஏலச் சத்தத்தில் போன் காதில் விழாது.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் மாணவன்