ஈரி ஏரிக்கு ஜூனில் வா

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். இந்தக் கோடையில் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸிலுள்ள மகன் வீட்டுக்கு வருவதாகவும், வந்த இடத்தில் ஈரி ஏரியில் ஒரு நாளாவது தூண்டில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். மிகவும் மகிழ்ந்தேன். ஆகஸ்ட் மாதம் சரிப்படுமா என்று கேட்டிருக்கிறாய். என்னைக் கேட்டால் ஜூன் முதல் பாதியில் வா என்பேன். அந்த ஏரியில் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் தண்ணீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே இருப்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்காவும் கனடாவும் சந்திக்கும் எல்லைப் பகுதியிலுள்ள ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது ஈரிதான். 25,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து கிடந்தாலும், கேப்டனோடு வாடகைக்குக் கிடைக்கும் சார்ட்டர் படகுகள் மிகுந்த போர்ட் கிளின்டன் ஊரை ஒட்டிய மேற்குப் பகுதியில் சராசரி ஆழம் ஏழரை மீட்டர் அளவில்தான். அதனால் காற்று அடித்த மாத்திரத்தில் அடிமண் கிளம்பிவிடும். தென்மேற்கிலிருந்து பலத்த காற்று வீசினால் மேற்குக் கோடியிலுள்ள டொலீடோ நகரப் பக்கத்துத் தண்ணீர் கிழக்குக் கோடியிலுள்ள பஃபலோ நகரப் பக்கம் ஒதுங்கி, இரு கோடிகளுக்கும் இடையே நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கும் மேல் வேறுபட்ட நாட்கள்கூட உண்டு. அலைகள் உயரம் குறைவாகத் தோன்றினாலும் இடைவெளியின்றி அடுத்தடுத்து வந்து மோதும். தூத்துக்குடிக் கடலைப் பார்த்து வளர்ந்தவன் ஏரிக்குப் பயப்படுவானா என்று நீ கேட்பாய் என்பது எனக்குத் தெரியும். முதல் நாள் மாலை கேப்டன் தொலைபேசியில் அழைத்து நாளைக்கு வேண்டாம் என்று சொன்னால், வாதாடாமல் ஒப்புக்கொள்.

நாம் முக்கியமாகத் தேடிப் போவது வால்ஐ (walleye) என்ற மீனை. அதன் கண்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பூனைக்கு இருப்பதைப்போலவே அதன் விழிக்குப் பின்னாலும் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கிய வெளிச்சத்திலும் சற்றுக் கலங்கிய நீரிலும் சிறுமீன்கள் தட்டுத்தடுமாறும்போது இது நன்றாகப் பார்த்து வேட்டையாடும். ஆகவே கண்ணாடிபோல் அசையாத ஏரியும் உச்சிவெயிலும் நமக்குத்தான் அழகு. கேப்டன்கள் விரும்புவது வெளிச்சத்தை உடைக்கும் அளவுக்கு மெல்லிய அலை எழும் நாளை. சேறாகக் கலங்கிவிட்டாலோ மீன் இரையையே பார்க்காது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நிறத்தைத் தேடித்தான் விடியற்காலையில் படகு ஓடிக்கொண்டிருக்கும். நாம் கொடுக்கும் கட்டணத்தில் பெரும்பகுதி இந்தத் தேடலுக்கான கூலி என்று நான் நினைக்கிறேன்.

பிடிக்கும் முறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காற்றின் போக்கில் படகை மிதக்கவிட்டுத் தூண்டிலை எறிவது. வண்ண மணிகளும் சுழலும் சிறு தகடும் கோத்த தூண்டில் நரம்பில் இரண்டு முள் இருக்கும். அவற்றில் தடித்த மண்புழுவைக் குத்தி, எறிந்து, எண்ணிக்கொண்டே மூழ்கவிட்டு மெதுவாக இழுக்க வேண்டும். மீன் வெடுக்கென்று இழுக்கும் என்று எதிர்பார்க்காதே. பெரும்பாலும் நரம்பு சற்றுக் கனப்பதுதான் தெரியும். மற்றொன்று ட்ரோலிங், அதாவது படகை மெதுவாக ஓட்டியபடியே தூண்டில்களை இழுத்துச் செல்வது. படகின் இருபுறமும் பலகைகள் நரம்புகளைத் தொலைவுக்கு விலக்கி இழுத்துச் செல்ல, எத்தனை அடி நரம்பு விட்டோம் என்று காட்டும் ரீலைப் பார்த்து ஆழத்தைக் கேப்டன் மாற்றிக்கொண்டே இருப்பார். நமக்கு வேலை மீன் விழுந்த பிறகுதான். எனக்கு முதல் முறைதான் பிடிக்கும். உன் பேரனுக்கு இரண்டாவது பிடிக்கலாம்.

இங்கே கிடைக்கும் இன்னொரு மீனான பாஸின் கதை வேறு. 1988-இல் இந்த ஏரிகளில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட வரிச்சிப்பி என்ற சிறு அயல்நாட்டுச் சிப்பி, கப்பல்கள் ஆடாமலிருக்க அடியில் நிரப்பும் நிலைப்புநீரோடு வந்து சேர்ந்தது. நீரை வடிகட்டி வடிகட்டியே அது ஏரியைத் தெளியவைத்துவிட்டது. வெளிச்சம் விரும்பாத வால்ஐக்கு இது இடைஞ்சல். கண்ணால் பார்த்துப் பாறைகளுக்கிடையே வேட்டையாடும் ஸ்மால்மவுத் பாஸுக்கோ கொண்டாட்டம். அடுத்து அதே வழியில் வந்த கோபி என்ற சிறுமீன் பாஸுக்குக் கொழுத்த தீனியாகியது. ஆனால் அந்தக் கோபியே அதற்குப் பகையும்கூட. ஆண் பாஸ்தான் கூட்டில் முட்டைகளைக் காவல் காக்கும். அதைத் தூண்டிலில் தூக்கிய சில நிமிடங்களுக்குள் கோபிகள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். அதனால்தான் ஒஹாயோ மாநிலம் மே 1 முதல் ஜூன் நான்காவது சனிக்கிழமை வரை ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பாஸ், அதுவும் 18 அங்குலத்துக்குக் குறையாமல் என்று கட்டுப்படுத்தியிருக்கிறது. நீ வரும் நாளில் ஏரியிலுள்ள கெல்லிஸ் தீவின் பக்கம் ஒரு மணி நேரம் பாஸ் பிடித்தாலும், பிடித்த கையோடு அதே இடத்தில் விட்டுவிடலாம் என்பது என் விருப்பம்.

ஆகஸ்டை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், வயல் உரத்தின் பாஸ்பரஸ், டொலீடோ பக்கம் ஏரியில் கலக்கும் மாமி (Maumee) ஆற்றின் வழியாக வந்து, வெயிலில் பச்சைப் பாசியாகப் பொங்கும் காலம் அது. 2014 ஆகஸ்டில் பாசியின் நஞ்சு கலந்ததால் டொலீடோவில் நான்கு லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்க முடியாமல் தவித்தார்கள். போதாததற்கு, மேற்குப் பகுதி சூடேறியதும் பெரிய வால்ஐ மீன்கள் கிழக்கே குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும். ஜூன் நடுவுக்குப் பிறகோ மேஃப்ளை பூச்சிகள் ஏரியடியிலிருந்து கிளம்பும். வானிலை ரேடாரில் மேகமாகத் தெரியும் அளவுக்குத் திரளும் அவற்றின் புழுக்களைத் தின்று வயிறு நிறைந்த மீன் நம் மண்புழுவைச் சட்டை செய்யாது. ஆனாலும் அந்தப் பூச்சியை யாரும் திட்டுவதில்லை. 1950-களில் மாசினால் அற்றுப்போய், 1990-களில் திரும்பி வந்தது அது. 1970-இல் பாதரசம் காரணமாக இங்கே வால்ஐ பிடிப்பதே நிறுத்தப்பட்டிருந்தது. அதன் உறவான நீல பைக் மீன் மீளவேயில்லை. 1983-இல் அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். இப்போது ஆண்டுதோறும் அமெரிக்க மாநிலங்களும் கனடாவின் ஒன்டாரியோவும் கூடிப் பேசி எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்கின்றன. நல்ல குஞ்சுகள் பொரித்த 2003, 2015, 2018 போன்ற ஆண்டுகளைக் கேப்டன்கள் தங்கள் பிள்ளைகள் பிறந்த ஆண்டைப்போல நினைவு வைத்திருக்கிறார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். கட்டணம் தலைக்கு அல்ல, படகுக்கு. பொதுவாக ஆறு பேர் வரை ஏறலாம் என்பதால் உன் மகன் குடும்பத்தோடு பகிர்ந்துகொள்ளலாம். ஒரு நாள் மீன்பிடி உரிமம் தனியாக வாங்க வேண்டும். ஒருவர் ஆறு வால்ஐ வரை வைத்துக்கொள்ளலாம், 15 அங்குலத்துக்குக் குறைந்ததை விட்டுவிட வேண்டும். கரையில் மீன் வெட்டும் கடைகளில் எடைக்குக் கூலி வாங்கி முள்ளில்லாத துண்டுகளாக்கித் தருவார்கள். சொல்லாவிட்டால் தலையைக் கழித்துவிடுவார்கள். குழம்புக்குத் தலை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் பொறுப்பு.

விடியலில் ஏரிக்காற்று குளிரும், ஒரு தடித்த சட்டையை எடுத்து வை. சனி, ஞாயிறுகள் மாதக்கணக்கில் முன்பே பதிவாகிவிடுகின்றன. மகனுக்கு விடுப்புக் கிடைக்கும் வார நாட்கள் இரண்டை உடனே எழுது. முதல் நாள் காற்றில் போனால் இரண்டாவது நாள் கைகொடுக்கும்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்